சார்ட்டி முடிந்ததா?

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க நின்றேன். பக்கத்துக் கதவுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்:

"ஏம்மா, இது சார்ட்டியா, இல்ல சார்ட்டி முடிஞ்சுதா?"

பதிலுக்குக் காத்திராமல் படியேறிவிட்டேன். மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

போர்மேகங்கள் சூழ்ந்த அந்த… (வேண்டாம். இதில் போரே இல்லை.)

கேட்டவர் அந்த வீட்டு அப்பா, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தளத்திலிருந்து ஒரு விமானம் ஒரு வேலைக்குக் கிளம்பி, முடித்துத் திரும்பினால் அது ஒரு சார்ட்டி. ஜோடியாகப் போனாலும் கணக்கு தனித்தனி. அவருக்குப் பால் வாங்கப் போவதும் சார்ட்டிதான், பல் டாக்டரிடம் போவதும் சார்ட்டிதான். மகள் கல்யாணமாகிப் போனதை மட்டும் அப்படிச் சொன்னதில்லை.*

இப்போது அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

* அது 'போஸ்டிங்'.

3

"வந்தவளுக்குத் தண்ணிகூடக் குடுக்காம என்ன விசாரணை?" இது அம்மா. "அவ என்ன உங்க ஏரோப்ளேனா?"

"நீ சும்மா இரு. தளம் எதுன்னு தெரியணும்ல? அவ வீட்டுலேருந்து இங்க வந்திருந்தா, திரும்பப் போயிடுவா. இங்கேருந்து அங்க போனதுதான் சார்ட்டின்னா…"

அவர் முடிக்கவில்லை. எனக்கும் முடிக்கத் தெரியவில்லை.

"பெட்ரோல் தீந்துபோச்சுன்னு வச்சுக்குங்கப்பா," என்று மகள் சிரித்தாள்.

(சிரித்தாளா? இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மாப்பிள்ளையைக் கெட்டவராக்கினால் கதை சுலபம். ஆக்கிப் பார்த்தேன். "நான் என்னம்மா பண்ணேன்?" என்று என்னையே கேட்கிறார்.)

4

முடிவு ஒன்று: சாயங்காலம் அவள் கிளம்பிவிடுகிறாள்.

முடிவு இரண்டு: அம்மா அலமாரியில் இடம் ஒழிக்கிறாள்.

இரண்டிலும் அப்பா, "அதுவும் சரிதான்," என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

5

ஃபோன் அடிக்கிறது. மாப்பிள்ளை.

"மாமா, அவ அங்கயா இருக்கா? வந்துடுவால்ல?"

அப்பா ஃபோனைக் கையால் பொத்திக்கொள்கிறார். ஓடுபாதை ஓரம் நின்று வானத்தைப் பார்த்தே பழகியவர். எந்த விமானத்தையும் போ என்றோ வா என்றோ சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை.

"வந்துடுவேன்னு சொல்லட்டுமாம்மா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"சரிம்மா," என்றார் அப்பா.

எதற்குச் சரி? மேலும் கீழுமாக அசைத்தாளா, பக்கவாட்டிலா? எனக்குக் குரல்கள்தான் கேட்கின்றன. நீங்கள் அவளுக்கு எதிரே இருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள், சீக்கிரம். மாப்பிள்ளை இன்னும் லைனில் இருக்கிறார்.