முள் காட்டிய திருடி

மூக்குப்பொடி டப்பி அளவு ஒரு பித்தளைப் பெட்டி, அதற்குள் ஒரு முள். அதை வைத்துக்கொண்டுதான் என் பெண்டாட்டி கண்ணாயியைத் திருடி என்றான், தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் அருணாசலம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவனை ‘அவர்’ என்று சொல்ல என் வாய் வராது.

சோளக்காடு என்ற மலையூருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் தொரையின் காப்பித் தோட்டத்தில் நாங்கள் வேலை பார்த்த காலம் அது. தொரை சேலத்துக்கு இறங்கியிருந்தார். மேசைமேல் எப்போதும் இருக்கும் அவருடைய தங்கக் கடிகாரத்தைக் காணோம் என்று சமையற்காரன் அலறினான். தொரை திரும்புவதற்குள் திருடனைப் பிடித்து நல்ல பேர் வாங்க ரைட்டருக்கு அவசரம். காளப்பநாயக்கன்பட்டியில் நாலு எழுத்துப் படித்துவிட்டு மலையேறி வந்தவன். மலையாட்கள் என்றால் அவனுக்கு மாடு கன்று மாதிரி.

“எல்லாரும் பங்களாவுக்கு வரணும். வராதவங்கதான் திருடன்” என்று ஆள் அனுப்பினான். பிள்ளை பெற்று இருபத்தைந்தே நாளான கண்ணாயியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் பங்களாக் கொல்லைப்பக்கம் நொய் வாங்கப் போனவள் அவள்தான். அது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அரிவாளையும் களைக்கொத்தையும் வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனோம். தாழ்வாரத்து மேசையில் அந்தப் பெட்டி இருந்தது.

“கப்பல்காரங்க வெச்சிருக்கற முள்ளு இது. பொய் சொல்றவங்க பக்கம் திரும்பும். ஒவ்வொருத்தரா மேசையை ஒட்டி நின்னு, நான் எடுக்கலைன்னு சொல்லுங்க” என்றான். தான் மட்டும் எட்டவே நின்றுகொண்டான்.

நான் சொன்னேன். முள் அசையவில்லை. பெருமாயி சொன்னாள், காளியண்ணன் சொன்னார், முப்பது பேர் சொன்னோம். முள் வடக்கே பார்த்தபடி கிடந்தது. கண்ணாயி வந்து மேசையை ஒட்டி நின்றாள். வாயைத் திறப்பதற்குள் முள் விர்ரென்று அவள் பக்கம் திரும்பியது.

“புடிங்கடா திருடிய!” என்று கத்தினான் ரைட்டர். “மடியை அவுத்துப் பாருங்க!”

அவள் மடியில் ஏதோ புடைத்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

உள்ளே கடிகாரம் இல்லை. உடைந்த அரிவாள் துண்டு ஒன்று, கந்தலில் சுற்றியிருந்தது. பச்சை உடம்புக்காரி இரும்பில்லாமல் வாசல் தாண்டினால் காத்துக் கருப்பு அண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை முடிந்து கொடுத்ததே என் அம்மாதான். துண்டை மேசைமேல் வைத்தேன்.

“கடிகாரத்தை வேற எங்கயோ ஒளிச்சிட்டா” என்றான் ரைட்டர்.

கண்ணாயி அவனைப் பார்க்கவேயில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் இப்போது அரிவாள் துண்டின் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் துண்டை எடுத்துப் பெட்டியைச் சுற்றி மெதுவாக நகர்த்தினாள். தாய்ப்பசுவின் பின்னால் போகும் கன்றுபோல முள்ளும் சுற்றியது. அவள் முகம் சிவந்தது.

துண்டைக் குழந்தையின் துணியில் செருகி, குழந்தையை என் கையில் கொடுத்து, “தள்ளிப் போய் நில்லுங்க” என்றாள். வெறும் மடியோடு மேசையை ஒட்டி நின்றாள். “நான் எடுக்கலீங்க!” முள் வடக்கே பார்த்தபடி கிடந்தது.

“பாத்துக்கிட்டீங்களா? அதுக்குப் பொய்யும் தெரியாது, நெசமும் தெரியாது. இரும்புதான் தெரியும்” என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே ரைட்டரிடம் போய் அவன் இடுப்புக்கு நேராக நீட்டினாள். அங்கே கிடங்குச் சாவிகள், அத்தனையும் இரும்பு. முள் துள்ளி அவன் பக்கம் திரும்பியது.

“அப்ப ரைட்டரு எடுத்துட்டாருங்களா?” என்றார் காளியண்ணன். முப்பது பேரும் சிரித்தோம்.

“சும்மா பயங்காட்டத்தான்... எடுத்தவங்க தானா ஒத்துக்குவாங்கன்னு...” என்று இழுத்தான் ரைட்டர்.

பாவி, அவனுக்குத் தெரிந்திருக்கிறது! பூமியே ஒரு பெரிய காந்தமாம். சும்மா விட்டால் முள் வடக்கும் தெற்குமாக நிற்குமாம், இரும்பு கிட்டே வந்தால் அந்தப் பக்கம் இழுபடுமாம். பின்னாளில் சேந்தமங்கலத்து வாத்தியார் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவன் அதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். தெரியாமல் செய்திருந்தால் போகிறான் என்று விடலாம். தெரிந்தே ஒரு பெண்ணின் மானத்தோடு விளையாடியவனை என்ன செய்வது? மூன்றாம் நாள் தொரை வந்தார், கடிகாரம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ரைட்டர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கண்ணாயி குழந்தையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓடைக்கரையில் நின்று திரும்பினாள்.

“ஏனுங்க, அந்த ஆளு யாரோ எவரோ. அந்த முள்ளு, பக்கத்துல இரும்பு இருந்துச்சு, திரும்புச்சு. எம்மடியில கைய வெச்சீங்களே, எம்பக்கம் திரும்ப உங்களுக்கு என்ன இருந்துச்சு?”

அதற்குப் பிறகு அன்றைக்கு நான் ரைட்டரைத் திட்டவில்லை. வீடு வரைக்கும் அவளுக்கு நாலடி பின்னாலேயே நடந்தேன்.