புதன்கிழமை வேன்

புதன்கிழமைக் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்டு மதுரைக்குத் திரும்பும்போது மாரிசெல்விக்கு வேலை ஓடாது. புஸ்வாணக் கூட்டுக்குத் தாள் ஒட்டுகிறவள் அவள். எடுத்த தாள் கையிலேயே இருக்க, பசை காய்ந்து விரலைப் பிடிக்கும். ஷெட் வாசலிலிருந்து பார்த்தால் வேனின் முன் சீட்டில் வீரலட்சுமி மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பது தெரியும். மடியில் அவள் மகள் பாண்டீஸ்வரி, வலது கையில் வெள்ளைக் கட்டு.

மாரிசெல்விக்கு வயிறு எரியும். தீக்காயம் பட்ட பச்சைப் பிள்ளையைப் பார்த்தா பொறாமைப்படுவே, நீயெல்லாம் மனுசியா என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். திட்டி முடித்த பிறகும் எரியும்.

அவள் மகள் ரோஜாவுக்கு நான்கு வயது. வலது கையில் கட்டை விரல் தவிர மற்ற நாலும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்தவை. விருதுநகரில் பார்த்த டாக்டர்கள் எல்லாம் பெரிய ஊருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். எந்த ஊர், எந்த டாக்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை. சூலக்கரை கலெக்டர் ஆபீசில் முகாம் என்று கேள்விப்பட்டு ஒருநாள் கூலியை விட்டுப் போனாள். வெயிலில் நின்றதற்கு போட்டோ ஒட்டிய ஊனமுற்றோர் அட்டை கிடைத்தது. "டாக்டர் எங்கன இருக்காருங்க?" என்று கேட்டாள். "அடுத்த ஆள் வாங்க" என்றார் அட்டை கொடுத்தவர்.

வீரலட்சுமி அப்படி அலையவே இல்லை. போன தீபாவளி சீசனில் கம்பெனி யாருக்கும் தெரியாமல் பட்டாசுத் திரியை வீடுகளுக்கு வெட்டக் கொடுத்தது. அவள் வீட்டில் திரி பற்றி, பக்கத்தில் விளையாடிய பாண்டீஸ்வரியின் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. போர்மேன் சீனிச்சாமி அன்றைக்கு மாலையே வந்தார். கைக்கென்றே படித்த டாக்டரை மதுரையில் அவரே தேடிப் பிடித்தார். செலவும் வேனும் கம்பெனியுடையது. அடுப்பில் பட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாரிசெல்வி சீனிச்சாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த டாக்டர்ட்ட எம் பிள்ளையவும் ஒருவாட்டி காட்டணும்."

"ஒம் பிள்ளைக்குப் பொறவியிலேயே அப்படித்தானத்தா? அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?"

"டாக்டர் பேரையாவது சொல்லுங்க."

"போ, போய் வேலையப் பாரு."

கடைசியில் வீரலட்சுமியிடமே கேட்டாள். "எனக்கு எங்க எழுத்துத் தெரியுது மாரி? நீயும் புதன்கிழம ஏறு. தொணைக்கு வாரான்னு டிரைவர்ட்ட சொல்லிக்கிறேன்" என்றாள் அவள். நல்ல மனதோடுதான் சொன்னாள். கொடுக்கிற இடத்தில் இவள் இருக்கிறாளே என்று அதற்கும் மாரிசெல்விக்கு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாண்டீஸ்வரியின் கன்னத்தைக் கிள்ளி, பிஸ்கட் கொடுத்தாள். பிறகு ரோஜாவின் கையைப் பார்த்து, "இந்தப் பாப்பாவுக்கு எப்படி ஆச்சு?" என்று நோட்டை விரித்தாள்.

பிறவி என்று சொன்ன இடத்திலெல்லாம் மாரிசெல்வியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தீப்பட்ட கைக்குத்தான் வேன், டாக்டர், பிஸ்கட் எல்லாம். அவளுக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

"திரி பத்திருச்சுங்க" என்றாள். "எங்க கம்பெனி வீட்டுக்குக் குடுத்த திரி. இந்தா, இவ பிள்ளைக்கும் எம் பிள்ளைக்கும் ஒரே திரிதான்."

வீரலட்சுமி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். நர்ஸ் பழைய சீட்டைப் புரட்டி, "அடுப்புன்னு போட்டிருக்கே?" என்றாள். வாசலில் நின்ற டிரைவர் செல்போனோடு வெளியே போனான்.

டாக்டர் ரோஜாவின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தீப்பட்ட தடமே இல்லையேம்மா. பிறவியில வந்தது. எலும்பு தனித்தனியாத்தான் இருக்கு, பிரிச்சு விட்டுரலாம். முன்னாடியே வந்திருக்கலாம்."

"பொறவின்னா பாப்பீகளா?"

"பிறவிக் கையப் பாக்கத்தானே நான் படிச்சேன். அடுத்த புதன்கிழமை கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, அங்க நான்தான் பண்றேன். காசு வேண்டாம்." அவர் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். பிறகு வீரலட்சுமியைப் பார்த்தார். "சரி, உங்க பிள்ளைக்கு அடுப்பா, திரியா?"

வீரலட்சுமி மகளின் கட்டைச் சேலைத் தலைப்பால் மூடினாள். டாக்டர் போலீசுக்கு எழுத வேண்டிய தாளை நர்ஸிடம் கேட்டு வாங்கினார்.

திரும்பும்போது டிரைவர் வேனை விரட்டினான். சாத்தூர் தாண்டிய பிறகு வீரலட்சுமி சொன்னாள்: "கம்பெனி குடுத்ததுல பங்கு கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே மாரி."

மாரிசெல்வி சீட்டை ஜாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

மறுநாளே இருவரையும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அப்படி யாரும் தங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலையில் மாரிசெல்வி ரோஜாவோடு மதுரை பஸ்ஸுக்காக ஏழாயிரம்பண்ணை ரோட்டில் நின்றாள். கொஞ்சம் தள்ளி வீரலட்சுமி, பாண்டீஸ்வரியோடு வழக்கமாக வேன் ஏறும் இடத்தில் நின்றிருந்தாள். அன்றைக்குக் கட்டுப் பிரிக்கும் நாள். கட்டு அழுக்கேறி, ஓரம் மஞ்சளித்திருந்தது. இனி ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தும் மனம் கேட்காமல்தான் வந்திருக்க வேண்டும்.

வேன் வந்தது. பாண்டீஸ்வரி வாராவாரம் செய்வதுபோலக் கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்து ரோஜாவும் ஒட்டிய விரல்களோடு தன் கையைத் தூக்கினாள்.

முன் சீட் காலியாக இருந்தது. வேன் நிற்காமல் போய்விட்டது. புழுதி அடங்கிய பிறகும் பிள்ளைகள் இரண்டு பேரும் கையை இறக்கவில்லை.