காத்து வலிக்குது

லிஃப்ட் மெக்கானிக் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தான். ஆனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளுக்கு மேலே, அவற்றைத் தொடாமல், தூக்கிப் பிடித்திருந்தாள். கழுத்தோரம் வியர்வை வழிந்தது. துணிக்கடையில் மறுபடியும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டான். வழக்கம்போல் சுவிட்சைத் தட்டினான்.

“வேணாங்க, நிறுத்துங்க. காத்து வலிக்குது.”

அவன் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. அந்த வார்த்தைகளைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கடைசியாக அதைச் சொன்னவள் அவன் அம்மா. இதே நாற்காலியில், இதே மாதிரி கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் இவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். மாமியாரை இவள் பார்த்ததெல்லாம் சுவரில் மாட்டியிருந்த ஒரே ஒரு போட்டோவில்தான். காற்று வலிக்கும் என்று அந்தப் போட்டோ இவளிடம் சொல்லியிருக்க முடியாது.

அவன் அப்பா நகைச்சுவைக்காரர். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். “நம்ம மகாராணிக்குக் காத்து வலிக்குதாம்! நாளைக்கு வெளிச்சம் இடிக்கும், நாளன்னிக்கு நிழல் கிள்ளும்.” வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் சரி, எலும்பு சரி, எல்லாம் சரி. “ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டார்” என்று அப்பா கையை விரித்தார். அதற்குப் பிறகு எப்போதோ அம்மாவும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லப்பா.” மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். அம்மா அதன் கீழே, கோடையிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் குணமாகிவிட்டது என்று வீடே நம்பியது.

இத்தனையும் ஒரு கணத்தில் மனதில் ஓடியதால் அவன் வாயில் தப்பான கேள்வி வந்தது. “யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?”

“எதை?”

“காத்து வலிக்குதுன்னு.”

அவள் அவனையே பார்த்தாள். “வலிக்குதுன்னு சொல்றதுக்கும் ஒருத்தர் சொல்லிக் குடுக்கணுமா?” என்றாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாளிலிருந்து என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்லங்க” என்றாள். இரவெல்லாம் தூங்கியும், மூட்டை தூக்கியவள் போல விடிகாலையில் எழுந்தாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று அடுப்பின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றாள். ‘பித்தான்’ என்ற வார்த்தை வாயில் வராமல், சட்டையைக் காட்டி “அது, அந்த வட்டமானது” என்றாள். நாள் முழுக்கத் துணி பிரித்துக் காட்டி மடித்து வைக்கிறவளுக்குப் பித்தான் மறந்து போகுமா? கேட்டால் ஒண்ணுமில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம் பிடித்தது. வலி வந்ததைவிட, இந்த வீட்டில் ‘ஒண்ணுமில்லை’ என்ற அந்த வார்த்தை திரும்பி வந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவனுக்குத் தெரியும். இப்படியே விட்டால் இவளும் போர்வைக்குள் போய்விடுவாள்.

அக்கா வீட்டில் இருக்கும் அப்பா அந்த வாரம் பார்க்க வந்தார். வந்ததும் மேலே பார்த்தார். “ஏம்மா, ஃபேன் ரிப்பேரா?”

“இல்ல மாமா. காத்து பட்டா ஒரு மாதிரி இருக்கு.”

அப்பாவின் வாய் பழைய வேடிக்கைக்குத் தயாராகத் திறந்தது. உதடு கோணிக்கூட விட்டது. ஆனால் சத்தம் வரவில்லை. அவர் நாற்காலியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மருமகள் கைகளைப் பார்த்தார். சாப்பிடாமலே செருப்பைத் தேடினார். வாசலில் மகனின் தோளைப் பிடித்து, “நீ சொன்னியாடா அவகிட்ட?” என்றார்.

“இல்லப்பா.”

“அக்கா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன எப்படிடா?” அவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். “அந்த நாற்காலியத் தூக்கி வெளிய போட்டுடு.”

நாற்காலியைத் தூக்கப் போனவன் அதைத் தூக்காமல் அதிலேயே உட்கார்ந்தான். அவன் தொழிலில் ‘வந்து போற கோளாறு’ என்று ஒன்று உண்டு. லிஃப்ட் குலுங்குகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்வார்கள். மெக்கானிக் போய் நின்றால் அது வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகும். பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவன் அப்படிச் செய்ததில்லை. புகார் சொன்னவரையே கூட ஏற்றிக்கொண்டு, அது குலுங்கும்வரை மேலும் கீழுமாகப் போய் வருவான். நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டாலும் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில் கதவை நெம்பமாட்டான். முதலில் கதவருகே வாயை வைத்துப் பேசுவான். எதையாவது, வாய்க்கு வந்ததை. வெளியே ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு சீராகும். முன்பின் தெரியாதவர்களிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறான். சொந்த வீட்டில், இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று யாரும் பேசியதில்லை. உள்ளே படுத்திருந்தவளை எழுப்பி, “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நானும் உள்ள வரேன்” என்றான்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. எங்கெங்கே வலி, எவ்வளவு நாளாக, காலையில் எழுந்தால் தூங்கிய தெம்பு இருக்கிறதா, வார்த்தைகள் மறக்கின்றனவா என்று கேட்டார். கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் விரலால் லேசாக அழுத்தினார். அவள் ஒவ்வொரு இடத்திலும் துடித்தாள். எடுத்து வரச் சொன்ன சோதனைகளின் தாள்களைப் பார்த்துவிட்டு, “வேற வியாதி எதுவும் தெரியல” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தோடு கதை முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அதுக்காக ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்லம்மா. இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியா. இது ரத்தத்துலயும் தெரியாது, எக்ஸ்ரேயிலயும் தெரியாது. சின்னதாத் தொட்டாலும் அடிச்ச மாதிரி உங்க நரம்பு எடுத்துக்குது. வலி நிஜம்தான்.”

அவள் அழுதாள். அவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “காத்து பட்டா வலிக்குமா, டாக்டர்?” என்று கேட்டான்.

“சில பேருக்கு வலிக்கும். துணி உரசினாக்கூட வலிக்கும்.”

முழுசாகப் போய்விடும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. குறைக்கலாம் என்றார். படுக்கப் போகுமுன் ஒரு சின்ன மாத்திரை, தினமும் ஒரே நேரத்துக்குத் தூக்கம், முடிந்த அளவு நடை, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். “நல்லா இருக்கிற நாள்லதான் ஜாக்கிரதையா இருக்கணும். தெம்பு வந்துடுச்சுன்னு எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்காதீங்க.”

அவள் கேட்டாளா? முதல் நல்ல நாளிலேயே வீட்டுத் திரைச்சீலை அத்தனையையும் துவைத்துப் போட்டாள். பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அவன் திட்ட வாயெடுத்து, அடக்கிக்கொண்டான். எவ்வளவு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மாடிக் கணக்கு. கீழ்த்தளம் என்றால் நல்ல நாள். ரெண்டாவது மாடி என்றால் கடைக்குப் போகலாம், சமையல் அவன் பொறுப்பு. அஞ்சாவது என்றால் தொடக் கூடாது, மின்விசிறி கூடாது. “இன்னிக்கு எந்த மாடி?” என்று காலையில் கேட்பான். “மொட்டை மாடிங்க. கைப்பிடிச் சுவரும் கட்டல” என்பாள். சிரிப்பார்கள். கடையில் முதலாளியிடம் பேசி, உட்கார்ந்து பில் போடும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். மாலையில் தெருக்கோடி வரை நடந்தார்கள், அப்புறம் அடுத்த தெருக்கோடி வரை. கீழ்த்தள நாட்களும் வந்தன. ஆனால் யாருமில்லாத கூடத்தில் மின்விசிறியைப் போடும்போதெல்லாம், அதன் கடகடப்புக்கு அடியில் ‘ஒண்ணுமில்லப்பா’ என்று ஒரு குரல் அவனுக்குக் கேட்டது. மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தான். கடகடப்பு நின்றது. குரல் நிற்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்ததுமே காற்று முகத்தில் அடித்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில், கழுத்து வரைக்கும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எந்த மாடி?” என்றான்.

“கீழ்த்தளம்தாங்க. ஒண்ணுமில்ல.”

“ஃபேன் யார் போட்டா?”

“மாமா வந்திருந்தார். வேர்க்குமேன்னு நான்தான் போட்டேன்.”

“அவர் போயிட்டார்ல?”

அவள் போர்வை நுனியைத் தன் மேல் படாதபடி விலக்கினாள். “இப்ப எப்படிம்மா இருக்குன்னு கேட்டார். இவ்வளவு நாள்ல முதல் தடவையா கேக்கறார். ஒண்ணுமில்ல மாமா, சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க அவர் முகத்தைப் பாத்திருக்கணும். பச்சப்புள்ள மாதிரி ஆயிடுச்சு. கண்ணுல தண்ணி வேற. அதைப் பாத்ததுக்கப்புறம் எழுந்து போய் நிறுத்த மனசே வரலைங்க.”

புத்தகப் பையோடு வாசலில் நின்ற தன் முகமும் அன்று அப்படித்தான் மலர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த முகத்துக்காகவே அம்மா நாள் தவறாமல் அதைச் சொல்லியிருக்கிறாள். அவன் சுவிட்சை அணைத்தான். நாற்காலிக்குக் கீழே, அவளைத் தொடாத தூரத்தில், தரையில் உட்கார்ந்தான்.

“இப்பச் சொல்லு. எந்த மாடி?”

அவள் கைகள் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தன. கைப்பிடிகளுக்கு மேலே வந்து நின்றன. “எந்த மாடியும் இல்லங்க. நடுவுல நின்னுடுச்சு. ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது.”

அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. பேச ஆரம்பித்தான். காலையில் பார்த்த ஒரு கட்டிடத்தைப் பற்றி, அங்கே லிஃப்டுக்குள் பூந்தொட்டி வைத்திருந்த ஒரு கிழவரைப் பற்றி, அவர் அந்தச் செடியை அடிக்கடி மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் வெயில் காட்டுவதைப் பற்றி. மேலே இறக்கைகள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரிந்து, நின்றன. கூடத்தில் அவன் குரல் மட்டும் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி வெகு காலமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது போல, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினான்.