காட்டில் சவ்வரிசி பொறுக்கியவர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் கிடைத்தது. அதுவும் இரண்டு தரம், இரண்டு குரலில்.

முதலில் அழைத்தவர் பத்மினி அக்கா. சுவிஸின் பாடனில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். அவர் சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது. "நான் துஷாந்தி, இன்டர்லாக்கன்ல இரிந்து கதைக்கிறன். நீங்கதானே கதை எழுதுற தர்சினி? பத்மினி அக்கா சொன்னத அப்படியே எழுதிராதீங்க. அது பிழை."

அன்று நான் சமைத்த சோறு ஆறிப்போனது. ஒரே சம்பவம், அதைத் தங்கள் பக்கம் இழுக்க இரண்டு பெண்கள்! எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2

தொடக்கம் ஒன்று: "அந்த மலைக்காட்டின் பசுமை, விரித்துப் போட்ட" — கைவிட்டேன். சுவிஸ் பசுமையைப் பற்றி நாட்காட்டிகள் போதுமான அளவு சொல்லிவிட்டன.

தொடக்கம் இரண்டு: "எங்கள் சனத்துக்குக் காடு என்றால் ஒளிந்திருந்த இடம். ஷெல் விழுந்த நாட்களில்" — இதை எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே மதிப்பு வந்தது. மேல்மாடிக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பத்மினி அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அதை வெட்டு, பிள்ளை."

"உண்மைதானே அக்கா?"

"உண்மைதான். ஆனா அது வேற காடு. இந்தக் காட்டுக்கு நான் நல்ல சீலை உடுத்துக்கொண்டு போனனான். அதை எழுது."

வெட்டினேன். (மூன்று பக்கம். வலித்தது.)

3

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

பத்மினி அக்காவின் மகன் நிதுஷனும் துஷாந்தியின் மகள் லக்சாயினியும் லுசேர்ணில் படித்த காலத்திலிருந்தே விரும்பியிருந்தார்கள். பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். தாய்மார் இருவரும் இன்னும் சந்திக்கவில்லை. பத்மினி அக்கா யாழ்ப்பாணம், துஷாந்தி மட்டக்களப்பு. "அது எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை" என்று யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்ததில்தான் பிரச்சினை இருந்தது.

பத்மினி அக்கா, "ஒருக்கா உங்கட வீட்டை வாறன்" என்று செய்தி அனுப்பினார். துஷாந்தியின் பதில்: "அக்கா, எனக்கு இந்தக் கிழமைதான் லீவு. லீவெண்டா நான் வேனை எடுத்துக்கிட்டு காட்டுக்குப் போயிருவன். நீங்களும் வாங்களன்."

பெண் வீடு பார்க்கப் போகிறவளைக் காட்டுக்குக் கூப்பிடும் சம்பந்தி! நான் இட்டுக்கட்டியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பத்மினி அக்காவே நம்பவில்லை. ஆனாலும் போனார். பட்டுச் சீலை, கூடவே ஒரு பெரிய சட்டி நிறையப் பாயாசம்.

4

இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் அங்கே நிற்பீர்கள். லுசேர்ணுக்கும் இன்டர்லாக்கனுக்கும் நடுவில், தெருவோரம், கெமைன்டவின், அதாவது ஊராட்சியின், பொதுக்காடு. வேனில் ஓர் இரவு தங்கலாம் என்று பலகை போட்டிருக்கும். கல்லடுக்கிய அடுப்பு வட்டம், ஒரு மேசை, கீழே ஓர் ஓடை. அவ்வளவுதான்.

துஷாந்தி வேனைச் சரளைக் கல்லில் மட்டும் நிறுத்தினார். பக்கத்தில் புல் மெத்தை மாதிரிக் கிடந்தும் சில்லு அதில் படவில்லை.

"இஞ்சால நிப்பாட்டினா நிழலெல்லோ?" என்றார் பத்மினி அக்கா.

"புல்லு நசிஞ்சா எழும்ப மாசக்கணக்காகும் அக்கா."

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. நெருப்பு அந்த வட்டத்துக்குள் மட்டும். இன்றைக்குக் காற்று என்பதால் அதுவும் இல்லை, வேனுக்குள் காஸ் அடுப்புத்தான். ஓடையில் பாத்திரம் கழுவக் கூடாது. தோடம்பழத் தோல்கூட வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கடைசியாகத் துஷாந்தி ஒரு சிறிய மண்வெட்டியை நீட்டினார்.

"இது என்னத்துக்கு?"

துஷாந்தி மரங்கள் இருந்த பக்கம் மரியாதையாகக் கையைக் காட்டினார். "ஓடைக்குத் தூரமாப் போங்க. ஆழமாத் தோண்டுங்க. கடுதாசியப் பையில போட்டுக் கொண்டு வாங்க."

(பத்மினி அக்கா என்னிடம்: "அந்த நிமிசமே கலியாணத்தை நிப்பாட்ட நினைச்சனான்." துஷாந்தி என்னிடம்: "அக்கா மண்வெட்டிய வாங்கிக்கிட்டு ராசாத்தி மாதிரி நடந்து போனா.")

5

அந்த நடையில்தான் எல்லாம் தொடங்கியது.

ஒரு பெரிய ஊசியிலை மரத்தடியில் பத்மினி அக்காவின் உள்ளங்கால் சுட்டது. குனிந்து பார்த்தால் வேருக்கு அடியிலிருந்து நூல் போலப் புகை. யாரோ முதல் நாள் கல் வட்டத்தை விட்டு இங்கே நெருப்பு மூட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்ணுக்குக் கீழே அது வேரோடு வேராக ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே சருகு. வெக்கைக் காற்று வேறு.

"துஷாந்தி! ஓடி வாங்கோ!"

துஷாந்தி ஓடி வரவும் காற்று ஒரு வீச்சு வீசவும் சரியாக இருந்தது. சருகு பற்றியது. முழங்கால் உயரத்துக்குச் சுவாலை.

(இதை எழுதும்போது எனக்குச் சந்தோசம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு காடு எரியப் பார்க்கிறது, நான் நாற்காலியில் துள்ளிக்கொண்டிருக்கிறேன்.)

அப்போது ஒருத்தி சொன்னாள்:

"போவம். வேனை எடுப்பம். நாங்கள் மூட்டினது எண்டுதான் நினைப்பாங்கள்."

சொன்னவள் — இந்த இடத்தில் ஒரு பெயர் வர வேண்டும். வெறுமையாக விடுகிறேன். காரணம் பிறகு.

பத்மினி அக்காவின் குடியுரிமை விண்ணப்பம் அப்போது கெமைன்டவில் கிடந்தது. துஷாந்தியின் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். பயம் இரண்டு பேருக்கும் சமமாகவே இருந்தது. சுவாலையைச் சுற்றி வேறு ஆளும் இல்லை.

மற்றவள் சொன்னாள்: "போனா இந்த மரம் எரியும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வேன் பக்கம் திரும்பவில்லை.

துஷாந்தி மண்வெட்டியால் சருகை விலக்கி நெருப்பைச் சுற்றி வெறும் மண்ணில் ஒரு கோடு வெட்டினார். பத்மினி அக்கா தீயணைப்புக்கு, 118க்கு அடித்தார். முதியோர் இல்லத்தில் வருடக்கணக்காகப் பொறுமையாகப் பேசிப் பழகிய ஜேர்மன் மொழி அப்படியே பறந்துபோய், "எஸ் ப்ரென்ட்! எஸ் ப்ரென்ட்!" என்று, எரியுது எரியுது என்று மட்டும் வந்தது. எதிர்முனைப் பெண் நிதானமாக, எங்கே என்று கேட்டாள். அதற்குப் பிறகு பத்மினி அக்காவுக்குத் தெருவின் பெயரும் பலகையின் இலக்கமும் வந்தன.

குடிதண்ணீர்ப் போத்தல்களை ஊற்றினார்கள். போதவில்லை. ஓடை பள்ளத்தில். பத்மினி அக்கா வேனுக்கு ஓடி, பெரிய சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அது பாயாசம்!"

"தெரியும், தள்ளுங்கோ!"

பால், சீனி, சவ்வரிசி, முந்திரி வற்றல், கஜு, ஏலக்காய். முழுவதும் அந்த வேரின்மேல் போனது. சீறிக்கொண்டு நீராவி எழும்பியது. காடு முழுக்கக் கோயில் மடப்பள்ளி மணம்.

வெறுஞ்சட்டியோடு இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள், ஏறினார்கள், திரும்ப இறங்கினார்கள். பட்டுச் சீலையைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார் பத்மினி அக்கா. தீயணைப்பு வண்டி வந்தபோது சுவாலை இல்லை. புகை மட்டும்.

6

வந்த குழுவுக்குத் தலைமை ஒரு பெண். கையுறையைக் கழற்றி மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"நீங்கள் மூட்டினீர்களா?"

"இல்லை," என்றார் பத்மினி அக்கா. இதை ஜேர்மனில் மிகத் தெளிவாகச் சொன்னாராம்.

அந்தப் பெண் கரியைக் கிளறிப் பார்த்தாள். வெட்டியிருந்த மண் கோட்டைப் பார்த்தாள். வெறுமையாகக் கிடந்த கல் வட்டத்தைப் பார்த்தாள். "தெரிகிறது. இது நேற்றையது," என்றாள். பிறகு மூக்கைச் சுளித்து, "இது என்ன வாசம்?" என்றாள்.

பாயாசத்தை ஜேர்மனில் விளக்க இருவரும் ஒரே நேரத்தில் முயன்றார்களாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேரைத் தோண்டி நனைக்கச் சொல்லித் தன் ஆட்களுக்குக் கை காட்டினாள். போகும்போது இருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனாள். விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அந்த வெறுமையான பெயர். பத்மினி அக்கா சொல்கிறார், "போவம் எண்டது நான்தான். துஷாந்திதான் நிண்டவா." துஷாந்தி சொல்கிறார், "போவம் எண்டது நான். அக்காதான் நிண்டா. அக்கா பொய் சொல்றா, என்ன நல்லவளாக் காட்ட." கோழைத்தனத்துக்கு இப்படிப் போட்டி போடும் இரண்டு பேரை நான் கண்டதில்லை. பாத்திரம் பொய் சொன்னால் எழுதுகிறவள் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் விரும்பிய பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் ஒருத்தி உங்களுக்குப் போன் எடுப்பாள்.

7

வண்டி போனதும் பத்மினி அக்கா மேசையில் சாய்ந்தார். துஷாந்தி ஒரு பையும் கரண்டியும் கொண்டுவந்தார்.

"இனி என்ன?"

"சவ்வரிசி அக்கா. சாப்பாட்டுச் சாமான் காட்டில கிடக்கக் கூடாது. நரி வந்து பழகிரும்."

பத்மினி அக்கா கரண்டியை வாங்கினார். பிறகு அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினார். இருவரும் குந்தியிருந்து, சேற்றிலிருந்து சவ்வரிசியும் கஜுவும் பொறுக்கினார்கள்.

"உண்மையைச் சொல்லட்டோ, துஷாந்தி? நான் இது சரிவராது எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"ஓம் எண்டு சொல்ல வாற ஆள் ஒரு போத்தல்ல பாயாசம் கொண்டு வரும். இல்ல எண்டு சொல்ல வாற ஆள்தான் மனசு குத்தி சட்டியோட வரும்."

பத்மினி அக்காவின் கரண்டி நின்றது. "இப்ப சட்டி வெறுஞ்சட்டி," என்றார். "சொல்லுறதுக்கும் ஒண்டுமில்லை. எங்கட பொடியன் கொஞ்சம் பஞ்சி பிடிச்சவன், ஒரு வேலையும் தானாச் செய்யான். அதை மட்டும் உங்கட பிள்ளையிட்டைச் சொல்லி வையுங்கோ."

"அவ அத எப்பயோ கண்டுபிடிச்சிட்டா அக்கா."

8

முடிவு (அ): கலியாண மண்டபம், நாதஸ்வரம், இரு தாய்மார். — நல்லது, ஆனால் பிள்ளைகள் இரண்டு வருடம் பொறுத்துத்தான் என்கிறார்கள்.

முடிவு (ஆ): பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள், தாய்மார் பிரியவில்லை. — இதைப் பத்மினி அக்காவுக்கு வாசித்தபோது வெங்காயத்தை என்மேல் எறிந்தார்.

முடிவு (இ): இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடிக்கிறது. பத்மினி அக்கா. மேல்மாடியிலிருந்து இல்லை, கீழே தெருவிலிருந்து.

"தர்சினி, கதை முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா, முடிவுதான்..."

"அதை விடு. துஷாந்தி வந்து நிக்கிறா, வேனில ஒரு இடம் கிடக்கு. வாறியோ?"

எங்கே என்று கேட்டேன். அவருக்கும் தெரியாதாம். யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். துஷாந்தியை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன்: நான் மனதில் வைத்து எழுதியதைவிடக் குள்ளம், திருத்த நேரமில்லை. இருவரும் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார்கள். என்னிடம் படுக்கைப் பை இல்லை, சரியான சப்பாத்தும் இல்லை. ஓம் என்று கத்திவிட்டேன், தெருவே திரும்பிப் பார்த்தது. முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இந்த வாக்கியத்தைக்கூட