உப்புத்தாளில் தேய்த்த விரல்கள்

துறைமுகச் சாலையில் இருந்த கதவுத் தொழிற்சாலையில், இழைத்த கதவைத் தடவிப் பார்த்து ‘போகலாம்’ என்றோ ‘திரும்பத் தேய்’ என்றோ சொல்வது செல்வதுரையின் வேலை. வயது ஐம்பத்தொன்பது. மேனேஜர் ஷாம் பெங்களூரில் மூன்று நாள் பயிற்சி முடித்து, ‘தொடுதிறன் தணிக்கை’ என்ற ஒன்றோடு திரும்பினார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து பலகைகளைச் சொரசொரப்பிலிருந்து வழுவழுப்பு வரை அடுக்க வேண்டும். தவறினால் வேலை கிடையாது. இதை விளக்க நாற்பது ஸ்லைடு.

செல்வதுரைக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு வருடமாகவே அவர் விரல்களுக்கு இழைத்ததும் ஒன்று, இழைக்காததும் ஒன்று. தூசி ஊதுவதுபோல் குனிந்து, கீழுதட்டை மரத்தில் வைத்துச் சொரசொரப்பை அறிந்துதான் காலம் தள்ளினார்.

“அண்ணாச்சி கதவுக்கு முத்தம் குடுக்காரு. மதினிக்குத் தெரியுமா?” என்பான் கூட வேலை பார்க்கும் தங்கதுரை.

தோல் தடித்துப் போனதுதான் கோளாறு. தடித்ததைத் தேய்த்தால் சரியாகிவிடும். தச்சு மூளைக்கு வேறென்ன தோன்றும்? தணிக்கை அன்று காலை கொல்லையில் உட்கார்ந்து, உப்புத்தாளால் பத்து விரல் நுனிகளையும் தேய்த்தார். முதலில் முரட்டுத் தாள், பிறகு நயத் தாள், முறைப்படி.

“ஏங்க, கை என்ன கதவா?” என்று மனைவி கிருபாபாய் ஓடி வந்தாள்.

“ஏளா, சும்மா இரு. மவ நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் இந்தக் கை ஓடணும்.”

தொழிற்சாலையில் கண்ணைக் கட்டினார்கள். முதல் பலகையைத் தொட்டதும் விரல் எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. ஐந்தாவது, பாலிஷ் போட்டுக் கண்ணாடிபோல் இருந்தது, அதுவும் எரிந்தது.

“அஞ்சும் சொரசொரப்பு சார். திரும்பத் தேய்க்கச் சொல்லுங்க.”

ஷாம் பலகையைத் தொடவில்லை. பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். மரத்தை அவர் தொடுவது மேஜையில் கை ஊன்றும்போது மட்டும்தான். “பாலிஷ்ல ரத்தம் பட்டிருக்கு அண்ணாச்சி” என்றார்.

“கலைச்சுப் போடச் சொல்லுங்க சார். ஒரே ஒரு தடவ. உதட்டால பார்த்துச் சொல்லுதேன்.”

தங்கதுரை கலைத்துப் போட்டான். செல்வதுரை எல்லோர் முன்னாலும் குனிந்து, ஒவ்வொரு பலகையிலும் உதட்டை வைத்தார். அடுக்கினார். ஐந்தும் சரி. தங்கதுரை சிரிக்கவில்லை.

ஷாம் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “வலது கை, இடது கை, ரெண்டு கட்டந்தான் இருக்கு. உதட்டுக்குக் கட்டம் இல்லையே.” இரண்டு கட்டத்திலும் ‘தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார்.

“அப்ப ரெண்டு கன்னத்தால பார்க்கட்டுமா சார்?” என்று, கண்கட்டோடு, ஷாமின் குரல் கடைசியாக வந்த பக்கம் முகத்தை நீட்டிக் கேட்டார் செல்வதுரை.