ஏரியைச் சுற்றி அலெக்குடன்

...வானிலைப் பேச்சு முடிந்துவிட்டது, ரயிலின் சுத்தம் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது, ஹெலரூட்டில் இறங்கி மற்ற வண்டிக்கு மாறும்போது இந்த இடத்துக்குப் பெயர் என்ன என்று அலெக் கேட்டதும், இவர் சொன்னதும், அலெக் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்ததும் முடிந்துவிட்டது, இனி என்னத்தைக் கதைக்கிறது என்று பத்மநாதன் எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலெக் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருந்தார், கோயிலுக்குள் இருப்பதுபோல. எழுபது வயது இருக்குமா, இருக்காது, வெயிலும் காற்றும் பட்ட முகம், தன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார், அப்படியென்றால் தானும் பார்ப்பவர்களுக்கு இப்படித்தானா... புருசெத்தில் வீட்டு வாசலில் வைத்து ராகவி சொல்லிவிட்டாள், "அப்பா, அவரைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா ஏரியைச் சுத்தி நடந்துபோட்டு வாங்கோ, நானும் யூவனும் பின்னேரம் காரிலை வந்து ஏத்துறம்." "என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை?" "ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பறவை பாருங்கோ. ஸ்லாப் அவ், அப்பா." ஸ்லாப் அவ். தளர்ந்து இரு, பேசாமல் இரு, கவலைப்படாதே, எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள். பெட்டைக்கு இருபத்தாறு வயது, உயிரியல் படித்தவள், ஸ்கொட்லாந்துக்காரப் பொடியன் ஒருவனைக் கட்டப் போகிறேன் என்று சோற்றுக்குக் குழம்பு விட்டுக்கொண்டே சொன்னவள், அந்தப் பொடியனின் தகப்பன்தான் இந்த அலெக், ஆட்டுப்பண்ணைக்காரர், பெண்சாதி இல்லை, ஆடுகள் குட்டி போட்டு முடியும்வரை காத்திருந்து மே கடைசியில் ஒஸ்லோவுக்கு வந்திருக்கிறார், பெண்ணின் தாய்தகப்பனைப் பார்க்க. திங்கட்கிழமை போகிறார். அதற்கு முன்னம் பத்மநாதன் ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்ல வேண்டும். யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்காததுதான் தொல்லை.

மனைவி புஷ்பராணி ஏற்கனவே ஓம் பக்கம் சரிந்துவிட்டாள், முந்தநாள் படுக்கையில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, "இஞ்சரப்பா, யூவன், யூவன் எண்டு பேராவது எங்கட பேர் மாதிரிக் கிடக்கு" என்றாள். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. நேற்றைய சாப்பாட்டில் அவள் ஆட்டிறைச்சிக் கறி வைத்ததே பெரிய யோசனைக்குப் பிறகுதான், ஆடு வளர்க்கிற மனிசனுக்கு ஆட்டைக் கொடுக்கலாமோ, கோழி வைப்பமோ என்று காலமை முழுக்க. அலெக் உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார், உருளைக்கிழங்கை மட்டும் தேடித் தேடி எடுத்தார். நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது... ராகவி கழுகுக் கதையைத் தொடங்கும்வரை. போன வருடம் கோடையில் மேற்குக் கரைக்குப் போய்க் கயிறு கட்டி மரத்திலும் பாறையிலும் ஏறி, இரண்டு குஞ்சு இருக்கிற கூடுகளில் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தவள், வெண்வால் கடற்கழுகு, கதவளவு சிறகு. ஸ்கொட்லாந்தில் அந்த இனத்தை எப்போதோ சுட்டும் நஞ்சு வைத்தும் ஒழித்துவிட்டார்களாம், இப்போது இங்கேயிருந்து கொண்டுபோய் விடுகிறார்கள், சிறகில் எண் பொறித்த பட்டை, முதுகில் சின்னக் கருவி. அப்படித்தான் யூவனைச் சந்தித்தாள், அவனும் அந்த வேலையில் இருக்கிறான். தகப்பனுக்கு ஆடு, மகனுக்குக் கழுகு. "நான் ஏறி எடுத்த குஞ்சு ஒண்டு உங்கட பள்ளத்தாக்குப் பக்கம்தான் திரிஞ்சது," என்று ராகவி ஆங்கிலத்தில் அலெக்கிடம் சொன்னாள், "ஏப்ரலிலை சிக்னல் நிண்டு போச்சு. கருவி பழுதாயிருக்கும் எண்டு நம்புறன்." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது, அவருக்கு அது கேட்டது. அலெக் கரண்டியால் கிழங்கை இரண்டாய்ப் பிளந்தார். பிளந்ததை மறுபடி பிளந்தார். யூவன் தண்ணீர் குடித்தான்.

ஸ்கோயனோஸ் நிலையத்தில் இறங்கிச் சரிவில் நடந்தால் மரங்களுக்கிடையில் ஏரி தெரியும், ஓஸ்தென்ஷோ ஏரி, பத்மநாதன் ஓட்டுகிற பஸ்கூட இந்தப் பக்கம் வருவதுண்டு, ஆனால் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை, ஓட்டுனருக்கு ஏரி என்பது ஒரு வளைவு, அவ்வளவுதான். சனிக்கிழமை வெயில். தள்ளுவண்டியில் பிள்ளைகள், ஐஸ்கிறீம், நாய்கள். நாணல் ஓரத்தில் முக்காலியில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு ஒரு நோர்வேக்கார மூதாட்டி, கழுத்தில் இன்னொன்று தொங்க, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இன்று என்ன வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கொண்டை வைத்த முக்குளிப்பான் முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு திரிகிறதாம், நாமக்கோழிகள் சண்டையாம், நாணலுக்குள் ஒளிந்து பன்றிபோலக் கத்துகிற ஒரு பறவையை அவளே காலையில் கண்டாளாம், காண்பது அரிது, கேட்பதுதான் வழக்கம். இவர் அலெக்குக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் ஆங்கிலச் சொல் வராமல் நிற்க, அலெக் தலையாட்டி, விளங்குகிறது என்றார். எப்படி விளங்கும்... ஆனால் விளங்கியது. முதுகில் பிள்ளைகள் என்று அவள் சொன்ன 'பார்ன்' என்ற சொல்லைக் கேட்டு, எங்கள் ஊரில் 'பேர்ன்' என்போம் என்றார் அலெக். அழுவதற்கு இங்கே 'கிறோத்த', அங்கே 'கிறீட்'. தேவாலயம் இங்கே 'ஷிர்க்க', அங்கே 'கேர்க்'. பத்மநாதனுக்குச் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து இந்த மனிசனின் ஆங்கிலம் தலைக்குள் ஏறாமல் தவித்ததற்குக் காரணம், அதை யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தால் பிடிக்கப் பார்த்ததுதான், நோர்வேமொழியால் பிடித்தால் பாதி அகப்படுகிறது. மற்றப் பாதி?

மற்றப் பாதி அகப்படாது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வாங்கில் இருந்தார்கள். முன்னால் நாணல் தீவில் கறுப்புத் தலைக் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் கூடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கத்திக்கொண்டிருந்தன, சந்தை கூடுகிற நேரத்துச் சத்தம். அலெக் ஓநாய் பற்றிக் கேட்டார், உங்கள் நாட்டில் இருக்கிறதாமே. உங்கள் நாடு என்று சொன்னதைப் பத்மநாதன் கவனித்தார், முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை, எங்கள் நாடு எப்படி, பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். "இருக்கு. ஸ்வீடன் எல்லைப் பக்கம். நான் காணவில்லை," என்றார் ஆங்கிலத்தில். பஸ்ஸில் அதைப்பற்றி ஆட்கள் சண்டைபிடிப்பதுண்டு, சுட வேண்டும் என்று ஒருவர், ஒஸ்லோவில் இருந்துகொண்டு உனக்கு என்ன தெரியும் என்று இன்னொருவர், இவர் கதவைத் திறந்து கதவை மூடி... எங்களுக்கும் கொண்டுவரப் போகிறார்களாம், என்றார் அலெக், முதலில் கழுகு, பிறகு காட்டுப்பூனை மாதிரிப் பெரிதாய் ஒன்று, பிறகு ஓநாய், நகரத்தில் இருக்கிறவர்களுக்குக் காடு வேண்டும், ஆடு எங்களுடையது. கோபமில்லாமல் சொன்னார். பத்மநாதன் வார்டோவை நினைத்தார், வடக்குக் கோடியில் மீன் ஆலையில் முதல் வேலை, ஒரு காலை பாறையில் மனிதன் ஒருவன் குந்தியிருப்பதாக நினைத்துக் கை காட்டினார், அது சிறகை விரித்துக்கொண்டு எழும்பியது, ஆலையில் எல்லோரும் சிரித்தார்கள். கடற்கழுகுக்குக் கை காட்டின தமிழன். அதை அலெக்குக்குச் சொல்லலாம் என்று ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அலெக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, வேறு குரலில் தொடங்கினார். உன் மகள் சொன்ன பறவை... மகள் ஏறி எடுத்தாளே, அது... ஏப்ரலில், குட்டி போடுகிற நேரம், மேல் வயலில்...

அந்தக் கணம் மூதாட்டி கையை உயர்த்திக் கூவினாள், மீன்கழுகு, மீன்கழுகு, அங்கே, காட்டுக்கு மேலே. தீவிலிருந்த கடற்காகங்கள் அத்தனையும் ஒன்றாய் எழும்பின. வானம் வெள்ளையாய்க் கிழிந்தது. அலெக் நிறுத்தவில்லை, அவர் தனக்குள்ளேதான் சொல்லிக்கொண்டிருந்தார் போலும், வாய் அசைந்தது. நான் அதை என்று தொடங்கியது கேட்டது, பிறகு ஒரு சொல், அதைக் கடற்காகங்களின் சத்தம் கொண்டுபோய்விட்டது, பிறகு, சுவருக்குக் கீழே புதைத்தேன், கருவியைக் கல்லால் உடைத்தேன். யார் நம்புவார்கள் என்றார். பக்கத்துப் பண்ணையில் பொலிஸ் வந்து மாடியெல்லாம் கிளறினார்கள் என்றார். ஒரு குட்டியும் போனது என்றார். மகனுக்குத் தெரியாது. உன் பிள்ளைக்குச் சொல்லாதே. சொல்லி முடித்து முகத்தைத் திருப்பி இவரைப் பார்த்தார், முதல்தடவையாக நேராய். பத்மநாதன் தலையை ஒரு பக்கம் சரித்து ஆட்டினார், கேட்கிறேன் என்கிற அர்த்தத்தில், அல்லது விளங்குகிறது என்கிற அர்த்தத்தில், ஓமுக்கும் இல்லைக்கும் நடுவில் கழுத்து தானாய்ச் செய்கிற வேலை அது. அலெக் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை உரல்போல இருந்தது. மேலே மீன்கழுகு எதையும் பிடிக்காமல் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தெற்கே போனது, கடற்காகங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின, மூதாட்டி தன்னைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு அதன் கால்நகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்ன சொல் அது? சுட்டேன் என்றாரா, கண்டேன் என்றாரா. ஆங்கிலத்தில் 'ஷொட்', 'ஃபவுண்ட்', இரண்டும் ஒற்றை அசை, வாய் குவிகிற விதம்தான் வேறு... செத்துக் கிடந்ததைக் கண்டு, தன்மேல் பழி வரும் என்று பயந்து புதைத்த மனிசன் ஒருவர். துவக்கை எடுத்துக்கொண்டு மேல் வயலுக்குப் போன மனிசன் இன்னொருவர். இருவரும் ஒரே தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்து வருகிறார்கள். யார் நம்புவார்கள் என்றால் கண்டதாகத்தான் இருக்க வேண்டும், சுட்டவன் அப்படிக் கேட்பானா, கேட்பான், சுட்டவன்தான் முதலில் கேட்பான். ஒரு குட்டியும் போனது, அதை ஏன் சொன்னார்? ராகவி மரத்தில் தொங்குகிற படம் வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது, ஹெல்மெட், கன்னத்தில் கீறல், மடியில் சாம்பல்நிறக் குஞ்சு, வாயைத் திறந்து அவளைக் கொத்தப் பார்க்கிறது, அவள் சிரிக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள்? அவள் முதலில் பொலிஸுக்குத்தான் எழுதுவாள், பிறகுதான் அழுவாள், தன் பிள்ளையை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு யூவன் எந்தப் பக்கம் நிற்பான்? இந்தக் கலியாணம் வேண்டாம் என்று நினைக்கிற தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும், ஒரு சொல் போதும், கையில் வந்து விழுந்திருக்கிறது... நான் அப்படி நினைக்கிற தகப்பனா? ஏரியைச் சுற்றிப் பாதை நீண்டுகொண்டே போனது. மரப்பாலம். அலெக் நடையில் ஒரு லேசு வந்திருந்தது, வாத்துகளைப் பார்த்து ஏதோ சீட்டியடித்தார். பாரத்தை இறக்கிவைத்த மனிசன். இறக்கின இடம் இங்கே, பத்மநாதனின் நெஞ்சுக்குழிக்குள். ஒரு தடவை நின்று, என்ன சொன்னீர்கள் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது, ஒதுங்கினார்கள். சைக்கிள் போன பிறகும் பாதை இருந்தது.

தரிப்பிடத்தில் ராகவி காருக்கு வெளியே சாய்ந்து நின்றாள், யூவன் தகப்பனைக் கண்டதும் இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டு ஏதோ கேட்டான், இருவரும் மெல்லச் சிரித்தார்கள். அவள் இவர் பக்கம் வந்து தமிழில், தாழ்ந்த குரலில், "என்னப்பா, அலெக்கின்ரை முகம் வெளிச்சிருக்கு. என்ன கதைச்சனீங்கள்?"

"மீன்கழுகு ஒண்டு வந்தது."

"உண்மையாவோ? ஐயோ, நான் விட்டிட்டன். பிறகு?"

"பிறகு ஓநாயைப் பற்றிக் கதைச்சம்."

அவள் சிரித்தாள், சிறுவயதில் சிரிப்பதுபோல மூக்கைச் சுருக்கி. "அப்ப உங்களுக்கு ஆளைப் பிடிச்சிட்டுது."

"ஓம்," என்றார் பத்மநாதன்.

அது எந்தக் கேள்விக்கான ஓம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அவள் அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கார்க் கதவைத் திறந்தாள், கண் நனைந்திருந்தது, அவர் பார்க்காததுபோல ஏறிப் பின்னிருக்கையில் அலெக்குக்குப் பக்கத்தில் இருந்தார், பட்டியை இழுத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. பஸ்ஸில் ஒருவர் முணுமுணுத்தால் என்ன, என்ன, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று கூச்சமில்லாமல் மூன்று தடவை கேட்கிற ஆள்தான் அவர், இந்த நாட்டில் பாதி வாழ்க்கையை அப்படிக் கேட்டே கடத்தியவர், நோர்வேக்காரர் பொறுமையிழந்து கையால் காட்டும்வரை கேட்பார். இன்று அவ்வளவு பாதையிலும் அந்த ஒற்றைக் கேள்வி வரவில்லை. சைக்கிள் ஒன்றுதானே வந்தது... கடற்காகங்களின் சத்தம் அவ்வளவு பெரிதாகவா இருந்தது? அலெக்கின் வாய் அவர் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில்தான் இருந்தது, வெயிலும் முகத்தில் அடித்தது, வாய் குவிந்த விதம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரம் தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று யோசித்தார், கழுகையா என்றால் இல்லை, கழுகை அவர் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.