குரோவரின் கட்டில்

நெப்ராஸ்காப் புல்வெளியை நாடாக்கியவர்கள் அச்சமென்பதே அறியாதவர்கள் என்பது தாடியஸ் குரோவரின் கருத்து. அவர்களில் தானும் ஒருவர் என்பதை ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும், கேட்காதவர்களுக்கும் சொல்லிவைப்பார். அன்று காலை நில அதிகாரி குதிரையை விட்டு இறங்கியதும் குரோவர் அந்தப் பேச்சையேதான் எடுத்தார்.

அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்திருந்தால் சட்டப்படி நூற்று அறுபது ஏக்கரும் குரோவருக்கு. இல்லையென்றால், புகார் கொடுத்து அதிகாரியோடு கூடவே வந்திருந்த பிக்ஸ்லிக்கு. குரோவர் பொழுது சாய்ந்தால் ஊருக்குள் சாராயக்கடை மாடியில் போய்ப் படுக்கிறார், மண்வீடு வெறும் கண்துடைப்பு என்பது புகார். சாட்சிக்கு வந்திருந்தவள் பக்கத்து நிலத்து விதவை ஹெட்டி. நிலம் கைக்கு வந்ததும் அவளைப் பெண் கேட்பதாக குரோவர் மனதுக்குள் முடிவுசெய்திருந்தார்.

புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. அதிகாரி குனிந்து நுழைந்தார். அடுப்பைத் தொட்டார், சூடு இருந்தது. பீப்பாயைத் திறந்தார், மாவு இருந்தது. குரோவருக்கு மூச்சு திரும்பியது. அந்த நேரம் பார்த்து, கட்டிலை மறைத்துத் தொங்கிய போர்வையை பிக்ஸ்லி விலக்கினான்.

கட்டிலின் நடுவில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி பண்ணையில் வளர்ந்தவர். ஒரு முட்டையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பத்துப் பன்னெண்டு நாளா உக்காந்திருக்கு."

"அப்ப ஐயா எங்க படுத்தாராம்?" என்றான் பிக்ஸ்லி. "கோழிக்கு மேலயா, கீழயா?"

அதிகாரி முட்டையைத் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பத் தொப்பியை எடுத்தார். குரோவர் அண்ணாந்து, வேர்கள் தொங்கும் கூரையைப் பார்த்தார். பிறகு ஹெட்டியைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க, மிஸ்டர் குரோவர். நெலம் போகுது," என்றாள் அவள்.

"கீழ," என்றார் குரோவர்.

அதிகாரி மண்டியிட்டார். கட்டிலுக்கடியில் வைக்கோல், ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தது. தலைமாட்டில் தலையணை, பக்கத்தில் குரோவரின் புகைக்குழாய். மூன்று வருடத்துக்கு முன் தூக்கத்தில் கூரையிலிருந்து மார்மேல் ஒரு பாம்பு விழுந்ததையும், அன்றிலிருந்து கட்டில் பலகைக்கு மேலே படுப்பதில்லை என்பதையும் குரோவர் சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார். குடியிருப்பு உண்மைதான், நிலம் குரோவருக்கே என்றார் அதிகாரி. பிக்ஸ்லி கதவை அறைந்துவிட்டுப் போனான்.

"பெரிய பாம்போ?" என்று ஹெட்டி கேட்டாள்.

அது ஒரு சாண் நீள, விஷமில்லாத புல்பாம்பு.